வைட்டோஹி விவசாயி பறந்தாரா?

சென்ற பருவத்தில் ஒரு நாள் முதலாண்டு மாணவர்களுக்குப் பாய்ம இயக்கவியல் நடத்திக்கொண்டிருந்தேன். விமான இறக்கையைப் பற்றிய பகுதி வந்தது. வழக்கம்போல் கரும்பலகையில் ரைட் சகோதரர்கள், கிட்டி ஹாக், 1903 டிசம்பர் 17 என்று எழுதினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "சார், அதற்கு ஒன்பது மாதம் முன்பே நியூசிலாந்தில் ஒரு விவசாயி பறந்துவிட்டாராம் சார். அமெரிக்காக்காரர்கள் மறைத்துவிட்டார்களாம்" என்றார். வகுப்பே திரும்பி அவரைப் பார்த்தது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். ஆசிரியர் எழுதியதை எதிர்த்துக் கேட்கும் மாணவர் வருடத்திற்கு ஒருவர் கிடைத்தாலே பெரிது.

வாசக அன்பர்களே, அவர் பேச்சில் வந்த அந்த 'ஆம்' என்ற சிறு ஒட்டைக் கவனித்தீர்களா? "பறந்தார்" என்பது வேறு, "பறந்தாராம்" என்பது வேறு. பின்னதைச் சொல்பவர், நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்று தம்மை அறியாமலே ஒப்புக்கொண்டு விடுகிறார். ஆனால் இச்செய்தி நூல்களிலும் வினாடி வினாத் தொகுப்புகளிலும் ஏறும்போது இந்த 'ஆம்' எங்கோ உதிர்ந்து விடுகிறது. "முதன்முதலில் பறந்தவர் ரிச்சர்ட் பியர்ஸ்" என்று முற்றுப்புள்ளி வைத்து எழுதி விடுகிறார்கள். அந்த 'ஆம்' எங்கே, எப்படி உதிர்ந்தது என்று தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் மனிதரைத் தெரிந்துகொள்வோம். ரிச்சர்ட் வில்லியம் பியர்ஸ் 1877 டிசம்பர் 3 அன்று நியூசிலாந்தின் தென் தீவில், டெமூக்காவை அடுத்த வைட்டோஹி என்ற வேளாண் பகுதியில் பிறந்தார். பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் மூத்த மகனை மருத்துவம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பிய குடும்பத்துக்கு, இன்னொரு மகனைக் கல்லூரிக்கு அனுப்ப வசதியில்லை. 21 வயதில் அவருக்கு 100 ஏக்கர் நிலம் கிடைத்தது. அவர் மனமோ நிலத்தில் நிற்கவில்லை. உலைக்களம் ஒன்றும் கடைசல் இயந்திரம் ஒன்றும் வைத்துக்கொண்டு பட்டறையே கதி என்று கிடந்தார். 1902இல் புதுவகை மிதிவண்டி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பெட்ரோல் எஞ்சின் ஒன்றைத் தாமே வடித்தார். அதன் உருளைகளுக்கு அவர் பயன்படுத்தியவை இரும்புக் குழாய்கள். மூங்கில், எஃகுக் குழாய், துணி ஆகியவற்றைக் கொண்டு ஓர் ஒற்றைத் தட்டு விமானத்தைக் கட்டினார். அக்கம்பக்கத்தார் அவருக்குச் சூட்டிய பெயர் "கிறுக்குப் பியர்ஸ்". நம் ஊராக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

பிறகு அவர் வைட்டோஹியை விட்டுப் போனார். பல ஆண்டுகள் கழித்துக் கிறைஸ்ட்சர்ச் நகரில் குடியேறி, வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டுப் பிழைத்தார். கடைசிக் காலத்தில் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1953 ஜூலை 29 அன்று அங்கேயே இறந்தார். உலகம் அவரை அறியவில்லை. இறந்த பின்னரே அவர் வீட்டுக் கொட்டகையில் ஒரு விசித்திர விமானம் கண்டெடுக்கப்பட்டது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். அந்த விமானத்தைக் கண்டு வியந்த நியூசிலாந்தின் மூத்த விமானி ஜார்ஜ் போல்ட் என்பவர், இந்த மனிதர் யார் என்று துருவத் தொடங்கினார். வைட்டோஹிக்குப் போனார், குப்பைமேட்டைத் தோண்டிப் பழைய எஞ்சின் பாகங்களை எடுத்தார், வயது முதிர்ந்த அண்டை வீட்டார்களிடம் பேட்டி கண்டார். 1973இல் கார்டன் ஓகில்வி என்ற எழுத்தாளர் பியர்ஸின் வாழ்க்கையை ஒரு முழு நூலாக்கினார். மறக்கப்பட்டவர் இவ்வாறுதான் நினைவுக்கு வந்தார். இந்த உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இவர்கள் தேடியிராவிட்டால் பியர்ஸின் எஞ்சின் பழைய இரும்போடு இரும்பாகப் போயிருக்கும்.

என் குறை, தேடிக் கிடைத்ததை எடைபோட்ட விதத்தில்தான் இருக்கிறது.

1903 மார்ச் 31 என்ற தேதிக்கு ஆதாரம் என்ன? புகைப்படம் இல்லை. அந்த ஆண்டுச் செய்தித்தாள் எதிலும் ஒரு வரி இல்லை. இருப்பவை எல்லாம் நேரில் பார்த்தவர்களின் நினைவுகளே. பியர்ஸ் தம் விமானத்தைப் பொதுச் சாலைக்குக் கொண்டு வந்தார், எஞ்சின் பெருஞ்சத்தத்துடன் ஓடியது, வண்டி எழும்பியது, சற்றுத் தூரம் சென்று, சுமார் 4 மீட்டர் உயரமான முள்வேலியின் மேல் போய் உட்கார்ந்தது என்கிறார்கள். சென்ற தூரத்தை ஒருவர் 50 கெஜம் என்கிறார், வேறொருவர் சில நூறு கெஜம் என்கிறார். ஆண்டிலும் ஒற்றுமை இல்லை. 1902 என்போரும் உண்டு, 1903 என்போரும் உண்டு. அப்பொழுது நான் எந்தப் பள்ளியில் படித்தேன், அந்தக் குளிர்காலத்தில் பனி எப்படிப் பெய்தது, எங்கள் குடும்பம் எப்போது இடம் மாறியது என்றெல்லாம் கணக்குப் போட்டு ஆண்டைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. ஏதோ ஒன்றை நிச்சயமாகப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இந்த வாக்குமூலங்கள் வாங்கப்பட்டது சம்பவம் நடந்து 50 ஆண்டுகளுக்கும் மேலான பிறகு. நம் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஊரில் முதல் பஸ் எந்த ஆண்டு வந்தது என்று தாத்தாவைக் கேளுங்கள். பஸ்ஸின் நிறம், கண்டக்டர் பெயர், அன்று தாம் போட்டிருந்த சட்டை எல்லாம் சொல்வார். ஆண்டு மட்டும் பாட்டி சொல்வதோடு ஒத்துப்போகாது. மேலும் பியர்ஸ் ஒரே ஒரு நாள் மட்டும் சோதனை செய்தவர் அல்லர். 1909ஆம் ஆண்டின் இறுதியில்கூட அவர் சோதனை ஓட்டங்கள் நடத்தியது அன்றைய பத்திரிகைகளில் வெளியாகியுள்ளது. பல நாள் காட்சிகள் முதியவர் மனத்தில் ஒரே காட்சியாகக் கலந்து போவதில் வியப்பில்லை.

சரி, இன்னொரு சாட்சி இருக்கிறார். அவர்தான் பியர்ஸ்.

1909 நவம்பரில் திமாரு நகரப் பத்திரிகை ஒன்று அவரைப் பேட்டி கண்டது. பறக்கும் இயந்திர எண்ணம் தமக்கு முன்பே உண்டு என்றாலும், 1904இல் செயின்ட் லூயி பொருட்காட்சியார் ஒரு பெரும் பரிசு அறிவிக்கும் வரை தாம் நடைமுறையில் எதையும் முயலவில்லை என்று அப்போது கூறினார். 1915 மே மாதம் டுனெடின் பத்திரிகைக்கும், 1928 செப்டம்பரில் கிறைஸ்ட்சர்ச் பத்திரிகைக்கும் எழுதிய கடிதங்களிலும், தாம் வேலையைத் தொடங்கிய காலம் 1904இன் பிப்ரவரி அல்லது மார்ச் என்றே குறிப்பிடுகிறார். 1915 கடிதத்தில், விமானம் எவர் ஒருவருடைய கண்டுபிடிப்பும் அன்று, பல மூளைகளின் விளைவு என்று வாதாடுகிறார். அதே கடிதத்தில், எஞ்சின் பூட்டிய விமானத்தில் வெற்றிகரமாக முதலில் பறந்தவர்கள் ரைட் சகோதரர்களே, ஆகவே வரலாறு அவர்களுக்கே முதலிடம் தரும் என்று ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். 1928 கடிதமோ இன்னும் தெளிவானது. வண்டி மணிக்கு 20 மைல் வேகத்தை எட்டியதும் தரையை விட்டு எழத் தொடங்கும், ஆனால் அந்த வேகம் சுக்கான்கள் வேலை செய்யப் போதாது, தரையை விட்ட உடனேயே அது பக்கவாட்டில் திரும்பிவிடும், ஆகவே என் முதல் விமானத்தில் நான் பறக்கவில்லை என்கிறார்.

படித்தவுடன் என்ன தோன்றுகிறது? வழக்கு முடிந்தது என்றே எனக்குத் தோன்றியது. ஆனால் பியர்ஸின் அன்பர்கள் விடுவதாக இல்லை. அவர் அடக்கமானவர், பறத்தல் என்பதற்கு மிக உயர்ந்த அளவுகோல் வைத்திருந்தார், ஆண்டுகளை மறந்திருப்பார் என்கின்றனர்.

முதல் இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவதைத்தான் ஏற்க முடியவில்லை. 1909இல் பேட்டி கொடுத்தபோது கடந்திருந்தது ஐந்தே ஆண்டுகள், அவருக்கு வயது 31. தாமே வடித்து, தாமே கட்டி, தாமே ஓட்டிய இயந்திரத்தைப் பற்றிச் சொல்பவரின் ஐந்தாண்டு நினைவு பிழை, வேலிக்கு அப்பால் நின்று வேடிக்கை பார்த்த சிறுவர்களின் ஐம்பதாண்டு நினைவு சரி என்று எந்த நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்? அதுவும் வெறும் ஆண்டை அவர் சொல்லவில்லை. ஒரு பொருட்காட்சிப் பரிசோடு முடிச்சுப் போட்டுச் சொல்லியிருக்கிறார். பனியை வைத்து ஆண்டு கணிப்பது சான்றாகுமென்றால் பரிசை வைத்துக் கணிப்பது ஏன் ஆகாது?

இனி நம் துறைக்கு வருவோம். பியர்ஸின் 1928 கடிதம் அடக்கத்தால் எழுதப்பட்டதா, அறிவால் எழுதப்பட்டதா என்று பௌதிகத்தைக் கொண்டு பார்க்க முடியும். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கு 20 மைல் என்பது விநாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர். காற்றின் அடர்த்தியை ஒரு கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம் எனக் கொண்டால், இவ்வேகத்தில் காற்றின் இயங்கு அழுத்தம் சதுர மீட்டருக்கு 49 நியூட்டன்தான். (அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள்.) ஆளோடு சேர்ந்து விமானத்தின் எடையை 300 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். அதைத் தூக்க சுமார் 2,940 நியூட்டன் உயர்த்து விசை வேண்டும். உயர்த்துக் குணகத்தைத் தாராளமாக 1 என்றே எடுத்தாலும் இறக்கையின் பரப்பு 60 சதுர மீட்டர் ஆகிறது. நம் கணக்கில் சொன்னால் ஒன்றரை சென்ட் நிலம். அந்த அளவுக்குத் துணியைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு ஒருவர் சாலையில் வருகிறார் என்று கற்பனை செய்யுங்கள். தம் விமானம் மிகப் பெரிதாகவும் மிக மெதுவாகவும் இருந்ததால்தான் கட்டுக்கடங்கவில்லை என்று பியர்ஸ் காரணம் கூறுகிறார். கணக்கும் அதையேதான் கூறுகிறது.

சுக்கானின் கதையைப் பார்ப்போம். சுக்கானின் மேல் விழும் விசையும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததே. ரைட் விமானம் காற்றைச் சார்ந்து மணிக்குச் சுமார் 30 மைல் வேகத்தில் சென்றது. அதே அளவுச் சுக்கானை 20 மைல் வேகத்தில் பூட்டினால் கிடைக்கும் விசை இரண்டேகால் மடங்கு குறைந்துவிடும். இத்தோடு பக்கக் காற்றையும் சேருங்கள். விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியின் மேல் விநாடிக்கு 3 மீட்டர் வேகமுள்ள காற்று குறுக்கே வீசினால், காற்று வந்து மோதும் திசை 18 பாகை சாய்ந்துவிடுகிறது. 3 மீட்டர் என்பது புயல் அன்று, மரக்கிளையில் இலைகள் அசையும் காற்றுத்தான். சக்கரம் தரையில் உள்ளவரை உராய்வு வண்டியைப் பிடித்து நிறுத்தும். தரையை விட்ட கணமே அந்தப் பிடிப்புப் போய்விடும். எழும்பிய உடனே அது பக்கவாட்டில் திரும்பியது என்று பியர்ஸ் எழுதியதை இதைவிடத் தெளிவாக என் வகுப்பில் நான் விளக்கியதில்லை.

எஞ்சினையும் மறக்க வேண்டாம். அதை மறு ஆக்கம் செய்தவர்கள் சுமார் 15 குதிரைத் திறன், அதாவது 11 கிலோவாட் என மதிப்பிடுகின்றனர். ரைட் எஞ்சின் 12 குதிரைத் திறன்தான். அப்படியானால் பியர்ஸுக்கு அனுகூலம் அன்றோ என்று கேட்பீர்கள். இல்லை. ரைட் சகோதரர்கள் சுழல்விசிறியைச் சுழலும் இறக்கை என்று கருதிக் கணக்கிட்டு வடித்தார்கள், எஞ்சின் தந்ததில் முக்கால் பங்கை அது உந்து விசையாக மாற்றியது. பியர்ஸின் விசிறிக்கு இருந்தவை தட்டையான உலோகத் தகடுகள். அதில் பாதி கிடைத்தாலே அதிகம். குறைவான உந்து விசை, பெரிய இறக்கை, ஏராளமான கம்பிகள், இவற்றோடு தரையை விட்டு எழும்புவது முடியாதது அன்று. எழும்பிய பின் நீடிப்பதுதான் கடினம்.

எழும்புவதே பறத்தல் என்று சிலர் பிடிவாதம் பிடிக்கலாம். அந்த அளவுகோலை ஏற்றால் முதலிடம் பியர்ஸுக்கும் கிடைக்காது, ரைட்டுக்கும் கிடைக்காது. பிரான்சில் கிளெமான் அதேர் என்பவர் 1890 அக்டோபர் 9 அன்று நீராவி விமானம் ஒன்றில் சுமார் 50 மீட்டர் தூரம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சென்றார். இங்கிலாந்தில் ஹைரம் மாக்சிமின் ராட்சத இயந்திரம் 1894இல் தண்டவாளத்தை விட்டு எழுந்தது. ரைட் சகோதரர்கள் பெயர் நிலைத்தது 12 விநாடியில் 120 அடி சென்றதால் மட்டும் அன்று. அதே நாளின் நான்காம் முயற்சி 59 விநாடி, 852 அடி. 1905 அக்டோபர் 5 அன்று 39 நிமிடத்தில் 24 மைல், வட்டமிட்டு வட்டமிட்டு. கட்டுப்பாடு என்ற சொல்லுக்கு விளக்கம் அதுதான்.

ஓகில்விக்கு நியாயம் செய்ய வேண்டும். அவர் தம் நூலின் பெயரிலேயே இதைப் புதிர் என்றுதான் அழைத்தார். முழுக் கட்டுப்பாட்டுடன் பியர்ஸ் பறந்தார் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. அவர் வைத்த கேள்விக்குறியை எடுத்துவிட்டு ஆச்சரியக்குறி போட்டவர்கள் பின்னால் வந்தவர்கள். ஒரு நூலை வாசித்து எழுதியவர்களும் அல்லர், வாசித்தவர் எழுதியதை வாசித்து எழுதியவர்கள். நியூசிலாந்துத் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களைக் கணினியில் ஏற்றி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் இந்நாளில், இருந்த இடத்திலிருந்தே பியர்ஸ் காலத்துச் செய்திகளைத் தேடிப் படிக்கலாம். அந்தச் சிரமத்தையும் எடுக்காமல் எழுதுவது சோம்பல் என்றே சொல்வேன்.

இந்தத் தேதிச் சண்டையால் பியர்ஸுக்கு நேர்ந்த நட்டம் யார் கண்ணிலும் படுவதில்லை. 1906இல் அவர் விண்ணப்பித்த விமானக் காப்புரிமையை எடுத்துப் பாருங்கள். ஒற்றைத் தட்டு இறக்கை, முன்புறம் எஞ்சின், காற்றடைத்த டயர் பூட்டிய மூன்று சக்கரம், பக்கச் சாய்வைக் கட்டுப்படுத்த இறக்கையில் அசையும் மடிப்புகள். ரைட் சகோதரர்கள் இரட்டைத் தட்டு இறக்கையும் சறுக்குக் கட்டையும் வைத்து, இறக்கையையே முறுக்கிக்கொண்டிருந்த காலம் அது. இன்று நம் தலைக்கு மேல் போகும் சிறு விமானத்தின் உருவம் எதற்கு நெருக்கம்? ரைட்டின் விமானத்துக்கு அன்று. கொட்டகையில் கிடைத்த இரண்டாம் விமானம் அதைவிட அதிசயம். எஞ்சினும் விசிறியும் சாய்ந்து மேல் நோக்கித் திரும்பும், நின்ற இடத்திலிருந்தே எழும்பலாம், இறக்கையை மடித்து வீட்டுக் கொட்டகையில் நிறுத்தலாம். இதற்கு 1940களில் காப்புரிமையும் கேட்டிருந்தார். அது பறக்கவில்லை, உண்மைதான். ஆனால் கல்லூரி வாசலை மிதிக்காத, உடன் பேச ஒரு பொறியாளரும் இல்லாத ஒருவர் வாடகை வீடுகளின் வரவில் தனியே அமர்ந்து இதைச் சிந்தித்திருக்கிறார். இவ்விமானம் இப்போது ஆக்லாந்து நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைப் பற்றி ஒரு பத்தி எழுதாதவர்கள், 1903 மார்ச் 31க்குப் பத்துப் பத்தி எழுதுகிறார்கள்.

இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. பறக்கவில்லை என்று எழுதிக் கையொப்பமிட்ட ஒருவரை, இல்லை நீர் பறந்தீர் என்று நாம் மறுக்கிறோம். உயிரோடிருந்தபோது கிறுக்கர் என்று சொல்லி அவர் பேச்சை ஊர் கேட்கவில்லை. இறந்த பின் முதல்வர் என்று சொல்லி அவர் பேச்சை உலகம் கேட்கவில்லை. திமாரு விமான நிலையத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள், வைட்டோஹிச் சாலையோரத்தில் நினைவுச் சின்னமும் நிற்கிறது. அவை பொருத்தமே. அதற்கு 1903 என்ற எண் தேவையில்லை.

அந்த மாணவருக்கு மறு வாரம் 1909 பேட்டியின் சாரத்தையும் இரண்டு கடிதங்களின் சாரத்தையும் தமிழில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு வந்தார். முகம் சற்று வாடியிருந்தது. தம் நாயகனை நான் பறித்துவிட்டதாக எண்ணினார் போலும். பிறகு மெல்லக் கேட்டார். "சார், அவர் இறக்கையைப் பாதியாக வெட்டியிருந்தால் எந்த வேகத்தில் எழும்பியிருக்கும்?" கரும்பலகை பக்கத்தில்தான் இருந்தது. பரப்பு பாதியானால் வேகத்தின் வர்க்கம் இருமடங்காக வேண்டும், வேகம் 1.41 மடங்கு, அதாவது மணிக்கு 28 மைல். அந்த வேகத்தில் சுக்கானின் விசை இரு மடங்காகும். "ஆனால் அந்த விசிறியை வைத்துக்கொண்டு 28 மைல் வருமா சார்?" என்றார். மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்பில் விசிறியிலிருந்து தொடங்குகிறோம்.